மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கத்தரிக் கொழுந்தில் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி அப்பிக்கிடப்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் நேராக உரக்கடைக்குப் போய், "அண்ணே, பூச்சிக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்கிவந்து, பாட்டில் மூடியாலேயே அளந்து கலக்கி அடித்துவிடுகிறார்கள். ஒரு வாரம் செடி பளிச்சென்று இருக்கும். அப்புறம் மறுபடி வரும், முன்னைவிட அதிகமாக வரும். மருந்து சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு இன்னும் காட்டமான ஒன்றை வாங்கி அடிப்பார்கள். இப்படியே போவதற்குச் சந்தையிலேயே கத்தரிக்காய் வாங்கிவிட்டுப் போகலாம், உப்புக்காற்றில் நின்று எதற்குத் தண்ணீர் ஊற்றிச் சாக வேண்டும்?

மறுபடி அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. அசுவினி நம் ஊர்ச் சூட்டில் ஆண் துணையே இல்லாமல் பெருகும், அதுவும் முட்டையிட்டு அல்ல, நேராகக் குட்டி போட்டு. அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பித்துவிடும். அதைத் தின்ன வரும் பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்று எல்லாப் பருவத்தையும் கடந்து வண்டாக வெளியே வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் அடித்த மருந்து இரண்டையும் சேர்த்துத்தான் கொன்றது. ஆனால் சுருண்ட இலைக்குள் தப்பிய நாலு அசுவினி ஒரே வாரத்தில் குடும்பத்தைப் பெருக்கிவிட்டது, தட்டிக்கேட்க ஆளில்லை.

நன்மை செய்யும் பூச்சிகளை வைத்துத் தீமை செய்யும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது என்று சொன்னவுடன் பலருக்கு மனசில் வருவது, எங்கேயோ ஆர்டர் போட்டு டப்பாவில் வண்டு வாங்கி வந்து தோட்டத்தில் திறந்துவிடுவது. அது இந்த வேலையின் கடைசிப் படி. முதல் படி, ஏற்கெனவே உங்கள் கொல்லைக்கு வந்துகொண்டிருப்பவற்றை அடையாளம் தெரிந்துகொண்டு, கொல்லாமல் விடுவது. வீட்டுத் தோட்டம் அளவில் இருப்பவர்களுக்கு என் கணக்கில் முக்கால்வாசி வேலை அதோடு முடிந்துவிடும்.

இதை ராமநாதபுரம் கடற்கரையை மனசில் வைத்துத்தான் எழுதுகிறேன். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் இந்த மணல் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பாதி உவர்ப்பு, காற்று ஓயாது, மழை ஐப்பசி கார்த்திகையோடு சரி. கோயம்புத்தூர்க் கரிசலுக்கு எழுதிய யோசனையை இங்கே அப்படியே கொண்டுவந்து போட்டால் வேலைக்கு ஆகாது.

எருக்கஞ்செடியில் பாடம் படிக்கலாம்

வீட்டு வேலிக்கு வெளியே மணல்மேட்டில் எருக்கு நிற்கும், யாரும் வைத்ததில்லை. மார்கழி, தை வாக்கில் அதன் கொழுந்தையும் பூங்கொத்துக் காம்பையும் உற்றுப் பாருங்கள். மஞ்சள் மஞ்சளாக, கறுப்புக் காலோடு அசுவினி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பார்த்தவுடன் செடியை வெட்டிப்போடத் தோன்றும். வெட்டாதீர்கள். இந்த மஞ்சள் அசுவினி எருக்கு, அரளி மாதிரி பால் வடியும் கூட்டத்துச் செடிகளை நம்பி வாழ்வது, உங்கள் கத்தரிக்கோ வெண்டைக்கோ வந்து குடியேறாது. அதேசமயம் அதைத் தேடிப் பொறிவண்டு வரும். உங்கள் காய்கறிச் செடியில் இரை இல்லாத நாட்களில் வண்டுகள் ஊரைவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே தங்கியிருக்க அந்த எருக்குதான் சோறு போடுகிறது.

அதே செடியில் பொறிவண்டின் எல்லாப் பருவத்தையும் பார்க்கலாம். ஆரஞ்சோ சிவப்போ கலந்த முதுகில் கறுப்பு நெளிகோடு போட்ட, துவரம்பருப்பு அளவு வண்டை எல்லாருக்கும் தெரியும். அது குடும்பத்தில் பாதிதான். இலைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில், நெட்டுக்குத்தாக, பத்து இருபது முட்டை ஒன்றாக ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழுவுக்கும் வண்டுக்கும் சாயலே கிடையாது. கறுத்த, நீண்ட உடம்பு, ஆறு கால், முதுகில் வெள்ளையோ ஆரஞ்சோ திட்டு, வால் பக்கம் கூம்பிப்போய்க் குட்டி முதலை மாதிரி இருக்கும். தின்பதில் பெரிய ஆள் இதுதான். வண்டாக மாறுவதற்குள் ஒரு புழு சில நூறு அசுவினியை முடித்துவிடும். ஒன்றைப் பிடித்து, வாயில் வைத்து, உறிஞ்சித் தோலைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வதைப் பார்க்க ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும். நம் ஆட்கள் நசுக்கிப்போடுவதும் இதைத்தான், பார்க்கக் கொஞ்சம் அருவருப்பாக இருப்பதால். தோல் கழற்றிக் கூட்டுப்புழுவாகி இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில் அசையாமல் கிடக்கும், அதையும் ஏதோ நோய்க்கட்டி என்று கிள்ளி எறிவார்கள்.

வண்டு என்றால் எல்லாம் நல்ல வண்டு என்றும் இருந்துவிட முடியாது. கத்தரி இலையைப் பச்சை மட்டும் சுரண்டித் தின்று, நரம்பை விட்டு, சல்லடையாக்கி வைக்கும் வண்டு ஒன்று இருக்கிறது. 28 புள்ளி வண்டு என்றும் எபிலாக்னா என்றும் சொல்வார்கள். பொறிவண்டின் சொந்தக்காரன்தான், ஆனால் இலைதின்னி. அடையாளம்: முதுகில் பொறிவண்டுக்கு இருக்கிற பளபளப்பு இருக்காது, மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும். அதன் புழு வெளிர்மஞ்சள், உடம்பு முழுக்க முள். முட்டையை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், இரண்டும் மஞ்சள், இரண்டும் கூட்டமாகத்தான் இருக்கும். அப்போது சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் அசுவினி இருந்தால் விட்டுவிடுங்கள், இலை சல்லடையாக இருந்தால் முட்டையோடு கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் நல்லது. ராத்திரி வாசல் விளக்குக்கு வரும், வெளிர்பச்சை உடம்பும் கண்ணாடி வலை போட்ட இறக்கையும் உள்ள ஒரு மெலிந்த பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். கிரைசோபா என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்லும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி அதுதான். முட்டையை இலையில் ஒட்டி வைக்காது, தலைமுடி கனத்தில் ஒரு காம்பை நிறுத்தி அதன் நுனியில் வைக்கும், அப்படி நாலைந்து காம்பு வரிசையாக நிற்கும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று துடைத்துவிடுவார்கள். காம்பு எதற்கு என்றால், முதலில் பொரிந்து வருகிற புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடும், அண்ணன் தம்பி பார்க்காது. அவ்வளவு பசியோடு வருவதை அசுவினி, மாவுப்பூச்சிக் குஞ்சு, வெள்ளை ஈ இருக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று சிர்ஃபிட் ஈ. வயிற்றில் மஞ்சள் கறுப்புப் பட்டை இருப்பதால் குளவி என்று பயப்படுவார்கள், ஆனால் இரண்டே இறக்கைதான், கொட்டத் தெரியாது. பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நிற்கும். அதன் புழு காலில்லாமல், வழவழவென்று, பச்சையாக அசுவினிக் கூட்டத்துக்கு நடுவிலேயே கிடந்து தின்னும்.

கும்பிடுபூச்சியைப் பற்றி எல்லாரும் பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அதற்கு நல்லது கெட்டது தெரியாது, தேனீ வந்தாலும் பிடிக்கும், பொறிவண்டுப் புழு கிடைத்தாலும் பிடிக்கும். இருந்தால் இருக்கட்டும். சிலந்தியும் அப்படித்தான், ஆனால் வலையில் விழுவதில் வெள்ளை ஈயும் அந்துப்பூச்சியும் அதிகம் என்பதால் ஒட்டடைக் குச்சியைச் செடிப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். தட்டான் கூட்டம் ஐப்பசி மழையை ஒட்டி வந்தால் கொசுவுக்கும் குட்டிப் பூச்சிகளுக்கும் கெட்ட காலம். அந்தக் கூட்டத்தில் ஒரு இனம் இந்தியாவிலிருந்து கடல் கடந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று மாலத்தீவில் இருந்த கடலுயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். பிள்ளைகள் நூல் கட்டி விளையாடுவது அந்தப் பயணியைத்தான், கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

குளவி கொட்டினால் புழு குளவியாகுமா

இதுவரை சொன்னவை இரையைப் பிடித்துத் தின்பவை, இரை விழுங்கிகள். அடுத்த கூட்டம் ஒட்டுண்ணிகள். இதைப் புரிந்துகொள்ள நம் பழமொழி ஒன்றே போதும்: குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும். சுவர் மூலையில், ஜன்னல் சட்டத்தில் மண்கூடு கட்டும் குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே தள்ளி வாயை மண்ணால் அடைப்பதையும், சில வாரம் கழித்து அதே கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வெளியே வருவதையும் நம் பெரியவர்கள் பார்த்தார்கள். பார்த்தது சரி. நடுவில் கூட்டுக்குள் நடப்பதுதான் வேறு. குளவி கொட்டியதில் புழு சாகவில்லை, அசையமுடியாமல் மரத்துப்போனது. அதோடு குளவி ஒரு முட்டையையும் வைத்துவிட்டுப் போனது. முட்டையிலிருந்து வந்த குளவிக்குஞ்சு கெட்டுப்போகாத அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வந்தது. காய்ப்புழு, இலைப்புழு என்று நீங்கள் திட்டுகிற சங்கதிதான் அதற்குச் சாப்பாடு. (எல்லா மண்கூட்டிலும் புழு இருக்காது, சில குளவி சிலந்தியைக் கொண்டுவந்து அடைக்கும்.) பிள்ளைகள் கைபடும் இடத்தில் இல்லையென்றால் கூட்டை உடைக்காமல் விடுங்கள். தனியாகக் கூடுகட்டும் இந்தக் குளவி சீண்டாமல் யாரையும் தேடிவந்து கொட்டாது.

இதே வேலையைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகள் கூடு கட்டாமலேயே செய்கின்றன, இரையின் உடம்பையே கூடாக வைத்துக்கொண்டு. சில இனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அசுவினிக்குள் முட்டையைச் செலுத்திவிட்டுப் போகும், உள்ளே குஞ்சு வளர வளர அசுவினி உப்பி, பழுப்பு நிறமாகி, இலையிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இலையைத் திருப்பிப் பார்க்கும்போது பச்சை அசுவினிகளுக்கு நடுவே உருண்டையாக, காகித நிறத்தில், அசையாமல் சிலது இருந்தால் அது இதுதான். அதில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் குளவி பிறந்து போய்விட்டது. அந்த இலையைப் பறித்து எறிவது அடுத்த தலைமுறைக் குளவியையும் சேர்த்து எறிவது. அப்புறம், புழு ஒன்று சோர்ந்துபோய்க் காம்பில் நின்றுகொண்டிருக்க, அதன் மேலும் பக்கத்திலும் அரிசியைவிடச் சின்னதாக வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்துவிடாதீர்கள். புழு முட்டையிடாது, அந்துப்பூச்சிதான் இடும். அந்தப் புழு முடிந்த கதை, கூடுகளிலிருந்து வருவதெல்லாம் குளவி.

பப்பாளியும் தென்னையும்

ஒட்டுண்ணிக்கு என்ன சக்தி என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இங்கே அதைத் தின்னப் பழகிய ஆள் யாரும் இல்லாததால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதிலெல்லாம் பரவி வெள்ளை பூசிவிட்டது. எத்தனை மருந்தடித்தாலும் மாவு பூசிய அதன் உடம்பில் மருந்து ஒட்டவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தது. அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று நம் ஊருக்குப் பிடித்துப்போய் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. அதன்பிறகு அந்தப் பூச்சி அடங்கியது. ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், இன்றைக்கும் கொல்லைப் பப்பாளியில் அங்கங்கே பார்க்கலாம். குளவியும் கூடவே இருப்பதால் மரத்தைச் சாகடிக்கும் அளவுக்கு ஏறுவதில்லை. இந்த முறையில் வெற்றி என்றால் அதுதான் வெற்றி: பூச்சி இருக்கும், ஆனால் விளைச்சலைத் தொடாத அளவில் இருக்கும்.

மாவுப்பூச்சி என்றதும் பெரியபட்டினத்தில் தெரிந்த ஒரு லாத்தா (அக்கா) கேட்டது ஞாபகம் வருகிறது. செம்பருத்திக் கொப்பில் வெள்ளை அப்பியிருந்ததை ஈர்க்குச்சியால் வழித்துக்கொண்டே, "ஏன் தம்பி, இதுல சிலது குச்சி பட்டதும் ஓடுதே, மாவுப்பூச்சி இம்புட்டு வேகமா ஓடுமா?" என்றார். ஓடாது. ஓடினது பொறிவண்டுக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலிய வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல் சுற்றிக்கொண்டு மாவுப்பூச்சி வேஷத்திலேயே அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து தின்னும். நம் ஊரிலேயே இருக்கும் சில சின்னப் பொறிவண்டுகளின் புழுவுக்கும் இதே வேஷம் உண்டு. பார்த்தால் மாவுப்பூச்சியைவிடக் கொஞ்சம் பெரிசாக, வெள்ளை நூல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், குச்சியால் தொட்டால் ஓடும். எனவே மாவுப்பூச்சியை வழிக்கும் முன் ஒரு தடவை குச்சியால் தொட்டுப் பாருங்கள்.

தென்னையில் இதைவிட முக்கியமான விஷயம் இருக்கிறது. உச்சிப்புளிப் பக்கத் தோப்புக்காரர்களுக்கு ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கீற்றின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்வட்டம், கீழ் ஓலையிலும் அடியில் நிற்கும் வாழையிலும் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசின மாதிரி பூஞ்சணம். 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் கண்டுபிடித்தார்கள். இதற்கு வேளாண் விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொன்ன யோசனை ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான். ஏனென்றால் என்கார்சியா என்ற குட்டிக் குளவி யாரும் கூப்பிடாமலேயே இந்த ஈக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியில் ஒரு இனமும் தின்கிறது. மருந்தடித்த தோப்பில் முதலில் சாவது இவைதான். கரும்பூஞ்சணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய பசைத்தண்ணீரை ஓலையில் அடித்தால் காய்ந்து உரிந்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் அட்டையையும் கட்டச் சொல்கிறார்கள். அட்டையில் நல்ல பூச்சியும் மாட்டும் என்பதால் வருஷம் பூராவும் தொங்கவிட வேண்டாம், ஈ பறக்கிற நாட்களில் மட்டும் போதும்.

எறும்பை முதலில் கவனியுங்கள்

அசுவினியும் மாவுப்பூச்சியும் சாறு உறிஞ்சி மிச்சச் சர்க்கரையைக் கழிவாக வெளியே விடும். அதை நக்க எறும்பு வரும். வந்தது சும்மா நக்கிவிட்டுப் போகாமல் அங்கேயே காவல் நிற்கும், பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும், முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். செடியில் அசுவினி நிறைய, பொறிவண்டு ஒன்றுகூட இல்லை, மருந்தும் அடிக்கவில்லை என்றால் தண்டைப் பாருங்கள், எறும்புச் சாரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பப்பாளி, செம்பருத்தி, எலுமிச்சை மாதிரி ஒற்றைத் தண்டுச் செடியில் தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவாதீர்கள். தொட்டிச் செடியென்றால் தண்ணீர்த் தட்டில் கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். பக்கத்துச் செடிக்கொப்பு தொட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் வீண், எறும்பு அந்த வழியாக வந்துவிடும். இத்தனைக்கும் எறும்பே நண்பனாக இருந்த கதையும் உண்டு. சீனாவில் 4-ஆம் நூற்றாண்டிலேயே நாரத்தை, ஆரஞ்சு மரங்களில் கட்டுவதற்கு முசுறு எறும்பின் கூட்டைச் சந்தையில் விலைக்கு விற்றிருக்கிறார்கள், அது புழுவையும் நாவாய்ப்பூச்சியையும் பிடிக்கும் என்பதால். ஆனால் அதே முசுறு மாவுப்பூச்சிக்கும் காவல் நிற்கும். கடி வேறு.

நண்பர்களைத் தங்கவைப்பது எப்படி

பொறிவண்டுக்கு அசுவினி கிடைக்காத நாளில் மகரந்தம் வேண்டும். சிர்ஃபிட் ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும் வளர்ந்தபிறகு தேனை நம்பித்தான் வாழ்கின்றன. குட்டிக் குளவியின் வாய் ரொம்பச் சின்னது, குழாய் போன்ற ஆழமான பூவில் எட்டாது. அதனால் செம்பருத்தியும் மல்லிகையும் அழகுக்குச் சரி, இந்த வேலைக்கு ஆகாது. கொத்தமல்லியை வெட்டாமல் நாலு செடி பூக்க விடுங்கள், சோம்பு கொஞ்சம் தூவுங்கள், துளசிக் கதிரைக் கிள்ளாமல் விடுங்கள், வேலியோரத்துத் தும்பையைப் பிடுங்காதீர்கள். முருங்கை இருந்தால் அது பூக்கிற காலத்தில் எல்லாரும் அங்கேதான். ஓரத்தில் ஒரு வரிசை தட்டைப்பயறு போட்டால் அதில் கறுப்பு அசுவினி வரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், அங்கேயிருந்து மற்றச் செடிக்கும் போகும். தட்டைப்பயற்றில் பூச்சி விழுந்துவிட்டதே என்று அதற்கு மருந்தடித்தால் போட்டதே வீண்.

அடுத்தது காற்று. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு மில்லிமீட்டர் குளவி எங்கே போய் நிற்கும்? மாவுப்பூச்சிக் குஞ்சோ அதே காற்றில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். தென்மேற்குப் பக்கம் ஓலைத்தட்டியோ அகத்தி வரிசையோ இருந்தால் அதன் மறைவில் நல்ல பூச்சிகள் தங்கும். ஆட்டுக்கும் கோழிக்கும் கட்டுகிற பழைய மீன்வலை காற்றைத் தடுக்காது, அவரைக்கும் பாகலுக்கும் கொடி ஏற்ற வேண்டுமானால் ஆகும். காற்றோடு வரும் மணல்தூசி இலையில் படிந்தால் சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம், அதைத் தேடி வருகிறவற்றுக்குத் திண்டாட்டம். வாரம் ஒருமுறை காலையில், உவர்ப்பு குறைந்த தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி விசிறி அடித்தால் தூசியும் போகும், அசுவினியில் பாதியும் உதிரும். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

எல்லாவற்றையும் நல்ல பூச்சி பார்த்துக்கொள்ளும் என்று நான் கதை விடப்போவதில்லை. முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த மாவட்டம் இது, மிளகாய் போடாத ஆள் குறைவு. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப்பேன். இவற்றுக்கும் எதிரிகள் உண்டு, ஆனால் வெயில் ஏறிவிட்டால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிப் பின்னிக்கொண்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், எந்த வண்டு வந்தாலும் அந்தச் செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள். கத்தரிக் காய்த்துளைப்பான் காய்க்குள் போய்விட்ட பிறகு வெளியே இருப்பவற்றுக்கு எட்டாது, வாடிய தண்டு நுனியையும் ஓட்டை விழுந்த காயையும் கிள்ளி எடுத்து அழிப்பதுதான் வழி.

ஏதாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைப் பருப்பு, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் அடியுங்கள். பூச்சி இருக்கும் கொப்புக்கு மட்டும். தோட்டம் முழுக்க அடிப்பது பழக்கதோஷம். இயற்கை மருந்துதானே, என்ன ஆகப்போகிறது என்றும் இருக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் பட்டால் பொறிவண்டுப் புழுவும் சாகும். பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் இருந்தால், தங்கச்சிமடம் பக்கம் மாதிரி, மொட்டுப் புழுவுக்கு அங்கே அடிக்கிற மருந்து காற்றில் இங்கே வரும். சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை, அடிக்கப்போகிற நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் தட்டியை உயர்த்திக் கட்டுங்கள்.

கடைசியாக, காசு கொடுத்து வாங்குவது. டிரைக்கோகிரம்மா அட்டை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அரிசி அந்துப்பூச்சியின் முட்டையில் குட்டிக் குளவியை வளர்த்து, அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருவார்கள். ஒரு சிசி (ஒரு கன சென்டிமீட்டர் அளவு முட்டை ஒட்டிய) அட்டையில் 18,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும், குளவி ஏறிய முட்டை கறுப்பாக இருக்கும். அட்டையைத் துண்டுபோட்டுச் சாயங்காலம் இலைக்கு அடியில் ஸ்டேப்ளர் பின்னால் குத்திவைக்க வேண்டும், எறும்பு ஏறாத இடமாக. அது அந்துப்பூச்சி முட்டையை மட்டும்தான் தாக்கும், புழு வந்தபிறகு அட்டை வாங்கினால் காசு தண்டம். பத்துச் செடி கத்தரிக்கு இது தேவையே இல்லை என்பேன். கச்சான் காற்றில் குளவி உங்கள் தோட்டத்திலேயே நிற்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் போட்டவர்கள், காற்று அடங்கிய புரட்டாசி ஐப்பசியில், அந்துப்பூச்சி நடமாட்டம் தெரிந்தவுடன் வாரா வாரம் கட்டினால் பலன் உண்டு. தென்னையில் கருந்தலைப் புழு விழுந்தால் விடுவதற்கு பெத்திலிட், பிராக்கான் என்ற ஒட்டுண்ணிகள் உண்டு. அவை முட்டையையோ குட்டிப் புழுவையோ தொடாது, வளர்ந்த புழுவைத்தான் பிடிக்கும், அதனால் புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் விடக்கூடாது. புழு இருக்கும் ஓலையில் ஒரு துண்டை நறுக்கி, காற்றுப் போகும் பையில் போட்டு, ராமநாதபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வாயால் "புழு விழுந்திருக்கு சார்" என்றால் அவர்களும் பொதுவாக ஒரு மருந்தைத்தான் எழுதித் தருவார்கள்.